கோப்பின் அளவையும் இணைய வேகத்தையும் கணக்கிடுவது எப்படி?

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு இருந்தும் பதிவிறக்கம் நொடிக்கு 12 எம்பியை (மெகாபைட்டை) தாண்டவில்லையே என்று குறைப்படுவோர் பலர். பெரும்பாலும் இணைப்பில் பழுது இருக்காது. வேகத்தைப் பிட்டிலும் கோப்பைப் பைட்டிலும் சொல்லும் வழக்கம்தான் குழப்பத்துக்குக் காரணம்.

0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கமே பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். அதில் 256 மதிப்புகளுள் ஏதேனும் ஒன்றைக் குறித்து வைக்கலாம். ஆங்கிலச் சுருக்கத்தில் பெரிய ‘பி’ எழுத்து பைட்டையும் சிறிய ‘பி’ எழுத்து பிட்டையும் குறிக்கும் என்பதால், விளம்பரத்தைப் படிக்கும்போது முதலில் அந்த எழுத்தைக் கவனியுங்கள். எம்பிபிஎஸ் கணக்கில் தரப்பட்ட வேகத்தை எட்டால் வகுத்தால் நொடிக்கு எத்தனை எம்பி வரும் என்பது தெரிந்துவிடும். 100 எம்பிபிஎஸ் என்பது 12.5 எம்பி, ஆகவே 1.5 ஜிபி கோப்பு இறங்கக் குறைந்தது 120 நொடி ஆகும். வைஃபை பலவீனமாக இருந்தால் இன்னும் கூடும்.

புதிதாக வாங்கிய 1 டிபி வன்தட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும் இதைப் போன்றதொரு அளவுச் சிக்கலே. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட, 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட் என்ற பெயர்கள் 1998இல் வகுக்கப்பட்டன என்றாலும் அவை பேச்சில் நிலைக்கவில்லை. நானும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

தமிழ் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நோட்பேடில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் தட்டச்சு செய்து, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் ஒரு முறை) சேமித்து, கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். அளவு 15 பைட் என்றிருக்கும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகளாகத் தெரியும் அச்சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஒதுக்குகிறது. 18 என்று காட்டினால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் அடையாளமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வட்டில் அது பிடிக்கும் இடம் என்று அருகில் காட்டப்படும் வேறோர் எண்ணை இங்கே பொருட்படுத்த வேண்டாம். வட்டு இடத்தைத் துண்டு துண்டாகவே ஒதுக்குவதால் அது மாறுபடும்.

குறுஞ்செய்தியில் குறியாக்கமே வேறு. ஒரு செய்திக்கு உள்ள 140 பைட்டுக்குள் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கிவிடும். தமிழில் ஒரு குறியீட்டுக்கு 2 பைட் வீதம் 70 குறியீடுகளே அடங்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘தமிழ்’ என்று எழுதியவுடனேயே அந்த 70இல் ஐந்து குறைந்துவிடும்.