விசாவில் இருந்த அந்த 01

குரோஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் வழியில் போஸ்னியாவின் மோஸ்டாரையும் எட்டிப் பார்க்கலாம் என்று பஸ் டிக்கெட் வாங்கும்வரை போய்விட்டேன். முந்தின இரவு பாஸ்போர்ட்டைப் புரட்டியபோதுதான் விசாவில் நுழைவு எண்ணிக்கை 01 என்று இருந்ததைக் கவனித்தேன். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் இருக்கிறது; போஸ்னியா அதில் இல்லை. எல்லையைத் தாண்டினால் அந்த ஒரு நுழைவு தீர்ந்தது, அப்புறம் திரும்ப முடியாது.

சரி, மோஸ்டாரைக் கைவிட்டேன். ஆனால் பழைய கடலோரச் சாலையே நேயும் என்ற ஊரில் கொஞ்ச தூரம் போஸ்னியாவுக்குள் போகிறதே! போஸ்னியாவைத் தொடாமல், 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போகும் பஸ்தானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

அடுத்த முறை பல நுழைவு விசாவாகவே கேட்டு வாங்கினேன். அதிலும் எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்தான் ஷெங்கனில் தங்கலாம். வெளியே போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது, நுழையும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள்.