ஸ்கிரீட் மெஷினில் கலவை கலந்து தரை போடுவது எப்படி?

தரைக்கு ஸ்கிரீட் (டைல்ஸுக்கோ மரத்தரைக்கோ அடியில் மட்டமாகப் போடும் சிமெண்ட்-மணல் அடுக்கு) போட, கான்கிரீட் கலக்கும் டிரம் மிக்சரையே பலர் கொண்டுவருகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஸ்கிரீட் கலவையில் தண்ணீர் குறைவு. டிரம் சுற்றச் சுற்ற அது உருண்டை உருண்டையாகத் திரளும், உள்ளே சிமெண்ட் படாத மணல் அப்படியே இருக்கும். அகலமான தொட்டிக்குள் துடுப்புகள் அழுத்திப் புரட்டிக் கலக்கும் பேன் (pan) மிக்சர்தான் இதற்குச் சரி. பெரிய தளம், மேல்மாடி என்றால் கலவையைக் கலந்து, காற்றழுத்தத்தால் ஹோஸ் வழியே தள்ளிவிடும் ஸ்கிரீட் பம்ப் எடுங்கள்.

ஒரு பங்கு சிமெண்டுக்கு 3 முதல் 4 பங்கு கரடான மணல். நைசான பூச்சு மணல் வேண்டாம். தண்ணீர் அதிகம் கேட்கும், பிறகு சுருங்கி வெடிக்கும். பாதி மணல், சிமெண்ட், கொஞ்சம் தண்ணீர், மீதி மணல் என்ற வரிசையில் போடுங்கள். மணலின் ஈரம் நாளுக்கு நாள் மாறும், அதனால் தண்ணீருக்கு வாளிக் கணக்கு உதவாது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. நான் ஒவ்வொரு கலவைக்கும் இதைச் செய்கிறேன்.

பம்ப் என்றால், முதலில் சிமெண்ட் பாலை ஹோஸுக்குள் ஓட்டி உள்பக்கத்தை நனைத்துவிடுங்கள். ஹோஸில் கூர்மையான வளைவு இருந்தால் அங்கேதான் அடைக்கும். முனையை முக்காலியில் கட்டுங்கள், அதற்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அடைத்துக்கொண்டால் அவசரமே வேண்டாம். கம்ப்ரசரை நிறுத்தி, அழுத்தத்தை வெளியேற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஹோஸ் விறைப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, இணைப்பைத் தொடாதீர்கள். ஆளைக் கொல்லும் அளவுக்கு வேகமாகத் தெறிக்கும்.

விழுந்த கலவையை நன்றாக இடித்து இறுக்குங்கள். 50 மி.மீ.க்கு மேல் கனம் என்றால் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு இறுகுவதற்குள் அடுத்தது. அப்புறம் லேசர் மட்டம் பார்த்து மட்டப்பலகை இழுத்து, பவர் ஃப்ளோட் (பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின்) ஓட்டலாம். கலந்த கலவையை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றி இளக்க வேண்டாம்.

முடித்த தளத்தை 7 நாள் பாலிதீன் விரித்து மூடுங்கள். டைல்ஸோ மரத்தரையோ போடுவதற்கு முன் ஈரத்தை அளந்து பாருங்கள். நல்ல காற்றோட்டம் இருந்தாலும் நாளுக்கு 1 மி.மீ. கனம் காய்ந்தாலே அதிகம்.

மெஷினை அன்றன்றே கழுவுங்கள். ஹோஸுக்குள் ஸ்பாஞ்சு பந்தை விட்டுத் தள்ளுங்கள். சாப்பாட்டு இடைவேளைக்கும் கலவையை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.