நிறுவனக் கைபேசிகளுக்கு பாஸ்கோடு விதி வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்களின் கைபேசிகளை, சாதனங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எம்.டி.எம். மென்பொருளில் இணைத்தவுடன், பாஸ்கோடு பக்கத்தில் உள்ள அத்தனை கட்டுப்பாடுகளையும் உச்ச அளவில் வைத்துவிடும் நிர்வாகிகள் பலர். தணிக்கைக்குக் காட்ட அது உதவும். பாதுகாப்புக்கு உதவுமா என்பது வேறு கேள்வி.

30 நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி இருந்தால், ஊழியர் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றுவார், அல்லது எண்ணைக் கைபேசி உறைக்குள் எழுதி வைப்பார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி. 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கசிந்ததற்கான சான்று இருந்தாலன்றி கடவுச்சொல்லைக் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே கூறுகிறது. அதற்குப் பதில் நீளத்தைக் கூட்டலாம்: நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள்தாம் சாத்தியம், ஆறு இலக்கங்களில் 10 லட்சம். எளிய எண்களைத் தடுக்கும் அமைப்பையும் சேர்த்தே இயக்க வேண்டும்; இல்லையேல் பலர் 123456 என்றே வைப்பார்கள்.

தவறான முயற்சிகளுக்குப் பின் தரவை அழிக்கும் வரம்பை 3 அல்லது 4 என வைப்பது அடுத்த தவறு. சில தவறுகளுக்குப் பின் ஐபோன் தானாகவே காக்க வைக்கும். வரம்பு அதற்கும் கீழே இருந்தால், வீட்டில் குழந்தை விளையாட்டாகத் தட்டினாலே ஒரு நிமிடத்தில் எல்லாம் அழிந்துவிடும். 10 என்பது நியாயமான அளவு.

பலரும் யோசிக்காதது, சிம் இல்லாத பொது ஐபேட்களின் நிலை. சார்ஜ் தீர்ந்து அணைந்த ஐபேட், மீண்டும் இயக்கியபின் ஒருமுறையாவது திறக்கப்படும்வரை, சேமித்து வைத்த வைஃபையில் பொதுவாக இணையாது. எனவே அதன் எண் மறந்துபோனால், பாஸ்கோடை நீக்கும்படி நீங்கள் எம்.டி.எம். வழியாக அனுப்பும் கட்டளை எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதைச் சென்றடையாது. கணினியுடன் கேபிளில் இணைத்து ரெகவரி முறையில் முழுவதும் அழிப்பதே பெரும்பாலும் மிஞ்சும் வழி. ஒரே செயலியைக் காட்டும் வரவேற்பறைச் சாதனத்துக்கும் விற்பனைப் பிரிவினரின் கைபேசிக்கும் ஒரே விதியைப் பொருத்துவதால்தான் இந்தச் சிக்கல் எழுகிறது. குழுக்களைப் பிரித்து, பொதுச் சாதனங்களின் எண்ணைப் பொறுப்பாளர் ஒருவரிடம் பதிந்து வைக்க வேண்டும்.

ஊழியரின் சொந்தக் கைபேசியில் இத்தனை கடுமை தேவையில்லை. ஆண்ட்ராய்டில், அலுவலகச் செயலிகளைத் தனியே வைக்கும் பகுதியான ஒர்க் ப்ரொஃபைலுக்கு மட்டும் தனிப் பூட்டு கேட்கலாம்; சொந்தச் சாதனங்களுக்கான ஆப்பிளின் இணைப்பு முறையான யூசர் என்ரோல்மென்ட் வழியாகச் சேர்ந்த ஐபோனில் ஆறு இலக்க, எளிதல்லாத பாஸ்கோடு ஒன்றைத்தான் கோர முடியும், அதை நிர்வாகியால் நீக்கவும் முடியாது. மறந்துபோன எண்ணை ஐ.டி. பிரிவு மீட்டுத் தரும் என்று அவர்களுக்கு வாக்களித்துவிடாதீர்கள்.