ஏரிப் படகைக் கடலில் இறக்கும் முன்னும், கரையேற்றிய பின்னும்

ஹூஸ்டனில் இருந்துகொண்டு கான்ரோ ஏரியில் படகு ஓட்டிப் பழகியவருக்குக் கொஞ்ச நாளிலேயே கண் தெற்கே கால்வெஸ்டன் கடற்கரைப் பக்கம் போய்விடும். ஏரியில் பாஸும் கெளுத்தியும்தான். அங்கே போனால் ரெட்ஃபிஷ், ஸ்பெக்கிள்டு டிரவுட், ஃபிளவுண்டர். தூரமும் அதிகமில்லை, ஒன்றிரண்டு மணி நேர ஓட்டம். இருக்கிற படகையே இழுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். போவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை இருக்கிறது. வந்த பிறகு ஒரு மணி நேர வேலை. ஆளைச் சோதிப்பது இரண்டாவதுதான், ஏனென்றால் அந்த நேரத்தில் எல்லோருக்கும் குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்றிருக்கும்.

இந்தப் பதிவு 16 முதல் 18 அடி வரையுள்ள அலுமினியப் படகு, பின்பக்கத்தில் வெளியே மாட்டும் ஒரு அவுட்போர்டு மோட்டார், ஒரு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு. ஃபைபர் படகு என்றாலும் மோட்டார், வயர், டிரெய்லர் பற்றிச் சொல்வது அப்படியே பொருந்தும்.

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். திறந்த கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கால்வெஸ்டன் விரிகுடாவில் ஆறுகள் கலப்பதால் இடத்துக்கு இடம், மழைக்கு மழை அளவு மாறும். கான்ரோ ஏரி கட்டப்பட்டிருக்கும் சான் ஜசின்டோ ஆறே கடைசியில் அந்த விரிகுடாவில்தான் போய்ச் சேருகிறது. படகு மிதக்கும் நாலைந்து மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. வீட்டில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் ஆட்டமே. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானாகக் கசிய ஆரம்பிக்கும். ஹூஸ்டன் இரவுகளில் அதெல்லாம் சாதாரணம். ஆக, இடுக்கில் ஒட்டிய உப்பு இரவெல்லாம் நனைந்தபடி வாரக்கணக்கில் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

படி 1: எங்கெங்கே என்ன உலோகம் இருக்கிறது?

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. இரண்டில் இளைத்தது கரையும். அலுமினியப் படகில் பெரும்பாலும் இளைத்தது அலுமினியம்தான், அதாவது உங்கள் படகின் உடல்.

அதனால் முதல் வேலை, ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு படகின் அடிப்பள்ளத்தில் தேடுவது. தரைப் பலகையைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். உள்ளே தவறி விழுந்த ஈயக் குண்டுகள், தூண்டில் முட்கள், வெட்டிப் போட்ட செம்பு வயர் துண்டுகள், சில்லறைக் காசு எல்லாம் கிடைக்கும். ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள். செம்பு ஒரு சென்ட் காசு கடல்நீர் தேங்கிய மூலையில் உட்கார்ந்தால், அதற்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, மெல்லக் குழி விழுந்து, கடைசியில் ஓட்டையே விழலாம். 1982-க்கு முந்தைய அமெரிக்க சென்டில் 95 சதவீதம் செம்பு. புதியதில் மேல்பூச்சு மட்டும்தான் செம்பு, ஆனாலும் அதையும் விட்டுவைக்க வேண்டாம்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூக்கள். தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, இருக்கைக் கால் எல்லாம் இவற்றால்தான் அலுமினியத்தில் முறுக்கியிருக்கும். சுற்றிலும் பெயின்ட் கொப்பளித்திருந்தால் அங்கே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழற்றி, துடைத்து, டெஃப்-ஜெல் மாதிரி உலோகங்களைப் பிரித்துவைக்கும் பசையைத் தடவித் திரும்ப முறுக்குங்கள். எல்லா ஸ்க்ரூவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் முதலில் முடியுங்கள்.

இனி அனோடு. மோட்டாரின் கீழ்ப் பகுதியிலும் அதைப் படகில் பிடிக்கும் தாங்கியிலும் சாம்பல் நிறக் கட்டிகள் இருக்கும். மற்ற பாகங்களைக் காப்பாற்றத் தானே கரைந்துபோவதுதான் அவற்றின் வேலை. ஏரியில் மட்டும் ஓடும் படகில் மெக்னீசியம் அனோடு போட்டிருக்கலாம். அதோடு கடலுக்குப் போனால் மளமளவென்று கரைந்து தீர்ந்துவிடும், பெயின்ட்டையும் கொப்பளிக்க வைக்கும். ஜிங்க் அனோடு கடலுக்கு நல்லது, ஆனால் ஏரிக்குத் திரும்பினால் மேலே ஒரு கெட்டியான படலம் கட்டி வேலையை நிறுத்திவிடும். இங்கேயும் அங்கேயும் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அலுமினிய அனோடுதான் சரி. கலப்புத் தண்ணீருக்கும் அதுதான் ஒத்துவரும்.

மாற்றும்போது அனோடு உட்காரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை அனோடிலும் மற்றதை மோட்டாரின் வெற்று உலோகத்திலும் வைத்தால் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அதிகம் காட்டினால் அனோடு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, காப்பாற்றாது. அனோடின் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

கடைக்காரர் படகின் அடிக்குச் செம்பு கலந்த பாசி எதிர்ப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலுமினியத்துக்கு அது விஷம். தவிர, அன்றன்றைக்கு டிரெய்லரில் ஏற்றிவிடும் படகுக்குப் பாசி எதிர்ப்பே தேவையில்லை.

படி 2: வயர்கள்

ஏரியில் வருடக்கணக்கில் ஓடிய விளக்கு, கடலுக்குப் போய்வந்த மாதமே எரியாமல் போவதற்குக் காரணம் பல்பு இல்லை, வயர் இணைப்புதான். உறையை உரித்துப் பார்த்தால் செம்பு இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே ஏறிவிடும், அதனால் முனையை மட்டும் வெட்டினால் போதாது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள்.

திரும்ப இணைக்கும்போது வீட்டு வயரிங்குக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பிகளும் இன்சுலேஷன் டேப்பும் கூடாது. உள்ளே பசை உள்ள, சூடுகாட்டினால் சுருங்கும், அழுத்தி இறுக்கும் கிரிம்ப் இணைப்பு வாங்குங்கள். சூட்டில் இரண்டு ஓரத்திலும் பசை கசிந்து வந்தால்தான் அடைப்பு சரி. புதிதாக வயர் இழுப்பதென்றால் டின் பூசிய செம்பு வயர். பேட்டரி முனைகளைத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் இந்த வேலை முடிந்தது.

படகை மெல்ல நகர்த்த முன்னால் மாட்டும் பேட்டரி மோட்டார் (டிரோலிங் மோட்டார்) ஏரிக்கான மாடலாக இருந்தால், முதல் சில பயணங்களுக்குக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடலுக்கென்று தனி மாடல் விற்கிறார்கள், அது காரணமில்லாமல் இல்லை.

படி 3: டிரெய்லர்

எல்லோரும் படகைப் பற்றிக் கவலைப்படுவார்கள். முதலில் சாவது டிரெய்லர்.

பெயின்ட் அடித்த இரும்பு டிரெய்லர் என்றால், கடலுக்கு அடிக்கடி போகும் எண்ணம் இருந்தால், கால்வனைஸ் செய்ததாகவோ (துத்தநாகம் பூசியது) அலுமினியமாகவோ மாற்றிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். பெட்டி வடிவச் சட்டத்துக்கு உள்ளே புகுந்த உப்புத் தண்ணீரை வெளியிலிருந்து கழுவ முடியாது. துரு உள்ளிருந்து வரும். வெளியே தெரியும்போது சட்டம் பாதி போயிருக்கும். இரண்டொரு தடவைதான் போகப்போகிறீர்கள் என்றால் இருப்பதே போதும், சட்டத்தின் முனைத் துளைகள் வழியாக ஹோஸை உள்ளே விட்டு நன்றாக அலசுங்கள்.

வீல் பேரிங் விஷயம் முக்கியம். ஹைவேயில் அவ்வளவு தூரம் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி, சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து காற்று சுருங்கும், அந்த இழுப்பில் சீல் வழியே உப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் போகும். போய்ச் சேர்ந்ததும் ஹப்பில் கை வைத்துப் பாருங்கள். சூடு தெரியாத வரை இறக்க வேண்டாம். அந்த நேரத்தில் டிரெய்லர் விளக்கின் மின் இணைப்பைக் காரிலிருந்து பிடுங்கி, கயிறு கட்டி, பிளக்கைப் போட்டு மற்ற வேலைகளைச் செய்யலாம். பிளக் என்றால் படகின் அடி ஓட்டையை அடைக்கும் அந்தச் சின்ன அடைப்பான்தான். அதை மறந்து படகை இறக்குவது படகு இறக்கும் எல்லா ஊர்ச் சரிவுகளிலும் நடக்கும் வேடிக்கை.

கிளம்பும் முன் பேரிங்குக்கு மரைன் கிரீஸ் ஏற்றியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கால் கிரீஸை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடி மாட்டியிருந்தால் இன்னும் நல்லது. மாற்று டயரும் ஒரு செட் பேரிங்கும் வண்டியில் இருக்கட்டும்.

படகு உட்காரும் கார்ப்பெட் சுற்றிய கட்டைகளையும் பாருங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு மருந்து ஏற்றிய மரமாக இருந்து, கார்ப்பெட்டும் உப்பில் ஊறினால், அலுமினிய அடியில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். படகின் எடையெல்லாம் அங்கேதான் இருக்கும். மருந்தில்லாத மரமோ, வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையோ போடுங்கள்.

படி 4: ஏரியில் தேவைப்படாத சில சாமான்கள்

ஏரியில் குடை மாதிரியான சின்ன நங்கூரம் போதும். விரிகுடாவில் நீரோட்டம் இருப்பதால் அது சறுக்கிக்கொண்டே போகும். மணலிலும் சேற்றிலும் குத்தி நிற்கும் டான்ஃபோர்த் வகை நங்கூரம், அதற்கு முன்னால் சில அடி சங்கிலி, தண்ணீர் ஆழத்தைப் போல் ஏழு மடங்கு கயிறு. இதுதான் கணக்கு.

அமெரிக்கக் கரையோர நீரில் 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் பகலுக்கும் இரவுக்குமான அபாய அறிவிப்புச் சாதனம் கட்டாயம். பொதுவாக ஃபிளேர், அதாவது பிரகாசமாக எரிந்து அடையாளம் காட்டும் வத்தி, வாங்குவார்கள். அது தயாரித்த தேதியிலிருந்து 42 மாதம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள். படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப் ரேடியோவும் ஒன்று இருக்கட்டும், உதவிக்கு 16-ஆம் சேனல். மீன் பிடிக்க டெக்சாஸ் உரிமத்தில் கடலுக்கான அனுமதி தனியாகச் சேர்க்க வேண்டும்.

படி 5: திரும்பியதும் மோட்டாருக்கு நல்ல தண்ணீர்

கடலில் ஓடும்போது மோட்டார் உப்புத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அணைத்த பிறகு உள்ளே சிறு வழிகளில் மீந்த தண்ணீர் காய்ந்து உப்புக் கட்டும். இது சேரச் சேர வழி அடைத்து ஒரு நாள் மோட்டார் கொதிக்கும். ஆகவே அன்றைக்கே அலச வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

மோட்டாரை நேராக இறக்கி நிறுத்துங்கள். கீழ்ப் பகுதியின் இரண்டு பக்கமும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைகள் தெரியும். ஹெட்ஃபோன் வடிவில் ஒரு ரப்பர் கவ்வி விற்கிறது, அதை இரண்டு சல்லடையும் மூடும்படி மாட்டி ஹோஸை இணையுங்கள். முதலில் தண்ணீரைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் மோட்டாரை ஸ்டார்ட் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுழன்று நிமிடத்தில் கெட்டுவிடும். கியர் நியூட்ரலில், ஐடில் வேகத்தில் மட்டும் ஓடட்டும். புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்க வேண்டாம், குழந்தைகள் நிச்சயமாக வேண்டாம்.

பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். அதில்தான் கண் இருக்க வேண்டும். நின்றாலோ நூலாக இளைத்தாலோ உடனே அணையுங்கள். கவ்வி நழுவியிருக்கும், அல்லது துளையில் மணல் அடைத்திருக்கும். நன்றாக வந்தால் 10 முதல் 15 நிமிடம் ஓடவிடுங்கள். மோட்டார் சூடேறி, சூட்டில் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தால்தான் உள்வழிகளுக்கும் நல்ல தண்ணீர் போய்ச் சேரும். சில மோட்டார்களில் ஹோஸை நேராக முறுக்கத் தனி வாயே இருக்கும். அவற்றில் பலவற்றை அணைத்த நிலையில்தான் அலச வேண்டும், எனவே கையேட்டை ஒரு தடவை புரட்டுங்கள்.

முடிந்ததும் மோட்டாரைத் தூக்காமல் நேராகவே விடுங்கள், உள்ளிருப்பது வடியட்டும். மேல் மூடியைக் கழற்றி உள்ளே அரிப்புத் தடுப்பு ஸ்ப்ரே லேசாக அடியுங்கள். அங்கே ஹோஸைக் காட்டாதீர்கள். ஸ்டீரிங் குழாயிலும் புரொப்பல்லர் தண்டிலும் மரைன் கிரீஸ் அவ்வப்போது போட வேண்டும், இல்லையென்றால் கழற்ற நினைக்கும் நாளில் கழன்று வராது.

படி 6: படகும் டிரெய்லரும்

இங்கே பிரஷர் வாஷர் அவ்வளவு நல்லதில்லை. வேகமான தண்ணீர் உப்பைச் சீலுக்குள்ளும் விளக்குக்குள்ளும் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் நிறையத் தண்ணீர் விடுவதே நல்லது, உப்பு கரைந்து ஓடிவிடும். மேலிருந்து கீழே வாருங்கள். படகுச் சோப்பு போட்டுத் தேய்த்து, தரை மூலைகள், மீன் தொட்டி, அடிப்பள்ளம் எல்லாவற்றிலும் தண்ணீர் விட்டு, மீன் தொட்டியின் பம்பையும் அடிப்பள்ளத்துப் பம்பையும் அந்த நல்ல தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள்.

டிரெய்லரில் அதிக நேரம் கேட்பவை இலை ஸ்பிரிங்குகளின் இடுக்கு, பிரேக் டிரம், கட்டைகளின் கார்ப்பெட். தூண்டில், ரீல், லைஃப் ஜாக்கெட், நங்கூரச் சங்கிலி எல்லாவற்றையும் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

மறுபடி ஏரிக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். ஏரிகளுக்குள் படகுகளோடு புகுந்து பெருகும் ஸீப்ரா சிப்பி பரவாமலிருக்க, பொது நன்னீர் நிலைகளை அணுகும்போதும் அங்கிருந்து கிளம்பும்போதும் படகிலும் தொட்டிகளிலும் உள்ள தண்ணீரையெல்லாம் வடித்துவிட வேண்டும் என்பது 2014 ஜூலை 1 முதல் டெக்சாஸ் முழுவதும் சட்டம். கடலிலிருந்து வந்து கழுவிக் காயவைத்த படகுக்கு இதில் புதிதாக எந்த வேலையும் இருக்காது. தொட்டியின் அடியில் மட்டும் ஒரு தடவை கைவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.