மினுக்கை விடுங்கள், வரியைப் பாருங்கள்

சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைப் பகுதிக்குக் கனிமம் தேடி முதன்முறை போனபோது ஒரு பை நிறைய ‘தங்கம்’ பொறுக்கி வந்தேன். ராத்திரி விளக்கடியில் ஊசியால் குத்தினேன். ஏடு ஏடாக உரிந்தது. அத்தனையும் மழையிலும் வெயிலிலும் நிறம் வெளுத்த பயோடைட், அதாவது கருப்புக் காக்காப்பொன். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் ஏமாந்தேன்! தங்கமென்றால் ஊசி பதியும். தங்கம்போல் மினுங்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) என்றால் நொறுங்கும்.

கனிமம் தேடச் சுத்தியல், கண் கவசம், பத்து மடங்கு லென்ஸ், திசைகாட்டி, காந்தம், பேனாக்கத்தி போதும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பாறையின் மேல்தோலை நம்பாதீர்கள், உடைத்துப் புது முகத்தைப் பாருங்கள். காக்காப்பொன் ஒரே பக்கம் படிந்து பலகை பலகையாகப் பிளந்தால் ஷிஸ்ட். வெளுப்பும் கருப்புமாகப் பட்டை ஓடினால் நைஸ். அந்தப் பலகை அல்லது பட்டையின் வரி எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது என்று பத்து இடத்திலாவது குறியுங்கள். கிழக்கே சாய்ந்தது சற்றுத் தள்ளி மேற்கே சாய்ந்தால், நடுவில் மடிப்பு இருக்கலாம். அப்படியானால் இங்கே பார்த்த கிராஃபைட் (பென்சில் கரி) பட்டை மடிப்பின் அந்தப் பக்கமும் தலைகாட்டக்கூடும். நான் அதிகம் நடந்தது இதற்காகத்தான்.

அடுத்து, தாதுக்களின் வரிசை. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு திசையில் போகப் போகத் தாதுக்கள் முறையாக மாறுவதைப் புவியியலாளர் ஜார்ஜ் பாரோ 1893இல் எழுதினார். களிமண்ணிலிருந்து உருவான பாறையில் சூடு ஏற ஏற பயோடைட், கார்னெட், ஸ்டாரோலைட், கயனைட், சில்லிமனைட் என்று வரும்.

இதில் எனக்குப் பிடித்தது கயனைட். நீலப் பட்டையாக, கத்தி அலகு போல நீண்டிருக்கும். நீளவாக்கில் பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும். குறுக்கே கீறினால் கத்திதான் வழுக்கும். ஒரே கல்லில் இரண்டு கடினம்! ஆண்டலூசைட் என்ற இன்னொரு தாதுவுக்கும் இதே வேதிச் சேர்மானம்தான். ஆனால் கயனைட் கூடுதல் அழுத்தத்தில் பிறப்பது. உலைச் செங்கலுக்கு உதவுவதால் இதுவே ஒரு கனிம வளமும்கூட.

விரலைக் கருப்பாக்கினால் கிராஃபைட்டாக இருக்கலாம். காந்தம் பலமாக ஒட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. துருச்சிவப்பு மேலோட்டைக் கண்டால் கீழே சல்பைடு (கந்தகம் சேர்ந்த உலோகத் தாது) இருக்கிறதா என்று உடைத்துப் பாருங்கள். வெறும் துருவாகவும் முடியும்.

மாதிரியைப் பெயர்க்கும் முன்பே வடக்கையும் மேல்பக்கத்தையும் மையால் குறித்துவிடுங்கள். பைக்குள் போனபின் எந்தக் கல்லும் திசை சொல்லாது.