பேரப்பிள்ளைகளுக்குப் பழைய டிவி கேம்: எங்கிருந்து தொடங்குவது

மன்னார்குடியில் முப்பது வருஷம் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். கடையை மூடியபோது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன், இரண்டு சாமானைத் தவிர. ஒன்று, 2006-ல் அரசு கொடுக்கத் தொடங்கியதே, அந்த 14 அங்குல இலவச கலர் டிவி. இன்னொன்று, தொண்ணூறுகளில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன டிவி கேம் பெட்டி. கூடவே நாலைந்து கேசட்.

போன ஐப்பசியில் மழைக்கு நாலு நாள் பள்ளிக்கூட லீவு விட்டார்கள். திருவாரூரிலிருந்து மகள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு ஐந்து. செல்போனை வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று, பதிலுக்கு என்ன கொடுப்பது? பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

முதல் நாள் நன்றாகச் சொதப்பினேன். ஃபுட்பால் கேசட்டைப் போட்டு, ஆளுக்கொரு ரிமோட்டைக் கொடுத்துவிட்டு (கன்ட்ரோலர் என்பது இப்போதைய பேர், எங்கள் கடையில் ரிமோட்தான்) காபி குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் இரண்டும் ரிமோட் ஒயரை இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிறகுதான் உறைத்தது. இப்போதைய விளையாட்டு இந்த பட்டனை அமுக்கு, அந்தப் பக்கம் போ என்று தானே சொல்லிக்கொடுத்துவிடும். பழையதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அசல் கேசட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வரும், அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர் நகல் கேசட்டில் அதுவும் கிடையாது. ஆகவே அந்தப் புத்தகம் நீங்கள்தான். பக்கத்தில் உட்கார நேரமில்லை என்றால் பெட்டியைப் பரணிலேயே விட்டுவையுங்கள்.

சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அது. இங்கே புழங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை. பின்னால் மஞ்சளும் வெள்ளையும் ஏவி ஒயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. பிக்சர் டியூப் டிவி வீட்டில் கிடந்தால் அதுதான் உத்தமம். தட்டை டிவி படத்தை வாங்கி, தன் அளவுக்கு மாற்றி, அப்புறம்தான் காட்டும். அந்த நேரத்தில் பந்து கடந்து போய்விடும். பிள்ளை சரியாகத்தான் அமுக்கியிருக்கும், படம் பிந்தியிருக்கும், “எனக்கு வரலை” என்று ரிமோட்டைப் போட்டுவிடும். தட்டை டிவிதான் இருக்கிறதென்றால் மெனுவில் கேம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தை அகலமாக இழுக்காமல் 4:3-ல் வையுங்கள். இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மஞ்சள் ஒயருக்கு டிவியில் துளையே இல்லையென்றால் எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சின்ன டப்பா கடையில் கிடைக்கும்.

அடாப்டரில் அவசரம் வேண்டாம். பின் உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. வோல்ட்டையும், நடுப்பின் பிளஸா மைனஸா என்பதையும் பெட்டியின் அடியில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். கேசட் எடுக்கவில்லையென்றால் வாயால் ஊதுவது நம் தேசிய வழக்கம். ஊதும்போது எச்சில் ஈரம் காண்டாக்டில் படிந்து நாளாவட்டத்தில் களிம்பேறும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். டியூப் டிவியின் எடை முழுக்க முன்பக்கம், பிள்ளை பிடித்து இழுத்தால் குப்புற விழும். அதனால் ஸ்டூலில் வைக்காதீர்கள், தாழ்வான, அகலமான பலகையில் வையுங்கள். பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும், ஓடும்போது அங்கே 20,000 வோல்ட்டுக்குக் குறையாது. ஒரு தடவை வாங்கியவன் சொல்கிறேன்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இரண்டாம் நாள் நான் டிவியைப் போடவே இல்லை. கூடத்து டைல்ஸ் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பரீட்சை அட்டை, நடுவில் ஒரு ரப்பர் பந்து. பந்தை உருட்ட வேண்டும், அட்டையால் தடுத்துத் திருப்ப வேண்டும், விட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். சுவரில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் பந்து கோணலாகப் போகும் என்பதைப் பேத்தியே கண்டுபிடித்தாள். அரைமணி நேரம் கழித்து மகளுடைய பழைய லேப்டாப்பில் பாங் விளையாட்டைப் போட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. “தாத்தா, நம்ம அட்டை!” என்றாள்.

பாங்கிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். இரண்டு கோடு, ஒரு புள்ளி, மேலே கீழே என்று இரண்டே அசைவு. 1972-ல் அட்டாரி என்ற அமெரிக்க விளையாட்டுக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்குக் கைபழகக் கொடுத்த வேலை அது. அதற்குள் புரோகிராம் கிடையாது, முழுக்க ஐசி சர்க்யூட். முதல் பெட்டிக்குக் கடையில் வாங்கிய சாதாரண பிளாக் அண்ட் ஒயிட் டிவியையே வைத்தார். மட்டையை எட்டுத் துண்டாகப் பிரித்திருக்கிறார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும், ஓரத்தில் பட்டால் கோணலாகப் பாயும். இதைப் பேரனிடம் சொன்னதும் அவன் ஓரத்தாலேயே அடிக்கப் பார்த்து எல்லாப் பந்தையும் விட்டான். இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பழைய பெட்டியில் மட்டை மேல் விளிம்பு வரை போகாது. சர்க்யூட்டில் இருந்த குறை. சரிசெய்யாமல் விட்டுவிட்டார்கள், இல்லாவிட்டால் நன்றாக ஆடுகிற இருவர் முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள். பழுதை வேண்டுமென்றே விட்டுவைத்த மெக்கானிக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். பாங் வேண்டுமானால் 2022-ல் வந்த அட்டாரி 50 தொகுப்பில் இருக்கிறது. சின்னத்திரை செல்போனில் மட்டும் வேண்டாம், இருவர் தோளோடு தோள் உட்கார முடியாது.

அடுத்தது டென்னிஸ். 1984-ல் நிண்டெண்டோ விட்டது, நடுவர் நாற்காலியில் மரியோ உட்கார்ந்திருப்பார். இதில் இருவர் ஆடினால் எதிரெதிரே இல்லை, ஒரே பக்கம். இரட்டையர் ஆட்டமாகக் கம்ப்யூட்டரை எதிர்த்து ஆட வேண்டும். அண்ணன் தங்கை சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. வேகம் ஐந்து நிலை இருக்கிறது. ஒன்றில் வையுங்கள், அதுவே ஐந்து வயதுக்குக் கொஞ்சம் அதிகம். பேத்தி வலையருகே சும்மா நின்றாள், பேரன் பின்னால் ஓடி ஓடி எடுத்தான். அவள் மட்டையில் தற்செயலாக ஒரு பந்து பட்டு பாயிண்ட் விழுந்ததும் வீடு இரண்டுபட்டது. 15, 30, அதற்குப் பிறகு ஏன் 45 இல்லாமல் 40 என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த சர்வீஸுக்குப் போய்விடுங்கள்.

தனியாக ஆட விடுவதென்றால் எக்ஸைட்பைக், அதுவும் 1984. முதல் பிரிவில் எதிரிகள் இல்லை, தனியாக ஓட்டலாம். ஒரு பட்டன் சாதாரண வேகம், மற்றது டர்போ. டர்போவையே பிடித்திருந்தால் எஞ்சின் சூடாகி வண்டி நின்றுவிடும். தரையில் அம்புக்குறி வரைந்த இடத்தில் ஏறினால் சூடு இறங்கும். இதை விளக்க எனக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது: “நம்ம கொல்லை மோட்டார் சூடாகி நிக்குமே, அது மாதிரி.” பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றில் முடிச்சுப் போட்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

1988-ல் வந்த ஐஸ் ஹாக்கியில்தான் அந்த முடிச்சு கிடைக்காமல் திண்டாடினேன். மன்னார்குடிப் பிள்ளைக்கு ஐஸ் என்றால் ஐஸ் வண்டி, இல்லாவிட்டால் மீன் பெட்டி. குச்சியோடு அதன் மேல் எதற்கு ஓடுகிறார்கள்? ஈரமான டைல்ஸில் சறுக்கியதை நினைத்துக்கொள் என்றேன், ஏற்றுக்கொண்டார்கள். இந்த ஆட்டத்தில் ஆட்களை நாமே பொறுக்கலாம். ஒல்லி வேகமாக ஓடுவான், இடித்தால் விழுவான். குண்டன் மெதுவாக வருவான், ஆனால் அவன் அடி இடி மாதிரி இருக்கும். நடுத்தர ஆள் எல்லாவற்றிலும் நடுத்தரம். பேத்தி நாலு பேரையும் குண்டனாகவே எடுத்தாள். யோசனை சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்று ஆட்டம் தோற்ற பிறகு அவளே ஒரு ஒல்லியைச் சேர்த்தாள். அது வரைக்கும் பொறுமையாக இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

ஃபுட்பாலில் ஆட்கள் அவ்வப்போது விட்டுவிட்டு மின்னினால் டிவி பழுது என்று தட்டாதீர்கள். ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுக்கு மேல் அந்தப் பெட்டியால் காட்ட முடியாது, அதிகமானால் மாற்றி மாற்றிக் காட்டும்.

ஓட்டப்பந்தயக் கேசட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1983-ல் கொனாமி விட்ட டிராக் அண்ட் ஃபீல்டும் அதன் வழிவந்தவையும் பட்டனை எவ்வளவு வேகமாகக் குத்துகிறோமோ அவ்வளவு வேகமாக ஓடும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ரிமோட்டுக்குக் கண்டம். உள்ளே டிவி ரிமோட்டில் இருப்பது போலவே ரப்பரும் கார்பன் பொட்டும்தான். பட்டன் எடுக்காமல் போனால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, போர்டின் கறுப்புப் பட்டையை ஸ்பிரிட் பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். சுரண்டாதீர்கள். கண்டிப்பான சட்டம் ஒன்று: முறுக்கு தின்ற கையோடு ரிமோட்டைத் தொடக்கூடாது. சட்டத்தை மீறியது நான்தான் என்று இருவரும் சாட்சி சொல்வார்கள்.

கிரிக்கெட்? எடுத்ததும் அதைத்தான் கேட்பார்கள். “இதுல தோனி இருக்காரா தாத்தா?” இந்தக் கேசட் காலத்தில் கிரிக்கெட் அரிது. 1992-ல் இன்டர்நேஷனல் கிரிக்கெட் என்று ஒன்று வந்தது, அதுவும் ஆஸ்திரேலியாவுக்கு. நம் பையன்கள் கிரிக்கெட்டைக் கம்ப்யூட்டரில்தான் ஆடினார்கள், முக்கியமாக 2006 கடைசியில் வந்த கிரிக்கெட் 07-ல். ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் வர்ணனை செய்வார்கள். அதில் காலை நகர்த்த வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், எந்த அடி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கொடுக்காதீர்கள். எட்டு வயதுப் பேரனுக்குக்கூட நான் அதைச் சித்திரைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அப்போது பாமணி ஆறு வற்றிக் கிடக்கும். ஜூனில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும் வரை மணல்தான் மைதானம். மணலில் நாலு நாள் பந்து பிடித்தவனுக்கு டீப் மிட்விக்கெட் என்றால் எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.

வேண்டுமென்றே தோற்காதீர்கள். நான் கூட ஆடிய முதல் ஆட்டத்திலேயே பேரன், “தாத்தா, நீங்க வேணும்னே விடுறீங்க” என்று பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து ஆடினேன். மேலே போக நினைத்தால் கீழே போகும், வலது இடதாகும். நான் மெய்யாகவே தோற்றேன், அவர்களும் மெய்யாகவே ஜெயித்தார்கள். அவர்களுக்குக் கை தேறிவிட்டதால் இப்போது நேராகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நேரக் கணக்கு எப்படி? இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் திரை முன் உட்காருவது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எங்கள் வீட்டில் மணியைப் பார்ப்பதில்லை, ஆட்டத்தை எண்ணுவோம். ஆளுக்கு மூன்று ஆட்டம். பழைய விளையாட்டில் ஒரு ஆட்டம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் விட்ட இடத்தில் சேமித்து வைக்கவும் முடியாது. “இந்த ஒரு லெவல் மட்டும்” என்ற கெஞ்சல் வராது. அறை விளக்கு எரியட்டும். திரை மின்னுவதால் வலிப்பு வந்த பிள்ளையென்றால் டாக்டரைக் கேட்காமல் உட்கார வைக்காதீர்கள்.

புதுப் பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் நூற்றுக்கணக்கில் ஆட்டம் என்று அட்டையில் போட்டிருந்த ஒன்றை வாங்கினார். ஒரே பைக் ரேஸ் நாலைந்து பெயரில் வருகிறது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். இரண்டு ரிமோட் இருக்கிறதா, ஒயர் நீளமா என்று பாருங்கள்.

அணைக்கும் வேலையைச் சின்னவருக்குக் கொடுத்துவிடுங்கள், அதற்காகவே கடைசி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பார்கள். எங்கள் வீட்டில் பேத்திதான் ஸ்விட்சை அமுக்குவாள். அமுக்கிய கையோடு ஓடிவந்து முழங்கையைத் திரைக் கண்ணாடியின் அருகே கொண்டுபோவாள். கை ரோமம் எழுந்து நிற்கும், சரசரவென்று சின்னதாகச் சத்தம் கேட்கும். டென்னிஸைவிட அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.