பனித்தடத்தில் கார் பந்தயம்: முதல் குளிர்காலத்துக்கு

டொராண்டோவுக்கு வடக்கே மிண்டன் கண்காட்சித் திடலில், தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த தடத்தில் குளிர்காலப் பந்தயம் நடக்கிறது. சேர விரும்புபவர்களுக்கு நான் சொல்வது: புதிய கார் வேண்டவே வேண்டாம். முன்சக்கரங்கள் இழுக்கும் பழைய சிறிய கார் போதும். காசை நல்ல பனிக்கால டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் செலவிடுங்கள். ஆணி பதித்த டயர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. முதல் ஆண்டு வெறும் ரப்பரிலேயே ஓட்டுங்கள். கை கால்கள் அதில்தான் பழகும்.

வளைவுக்கு வெகு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். முன்பக்கம் வெளியே வழுக்கினால் மேலும் திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். எடை முன்சக்கரங்களுக்கு வந்து மூக்கு உள்ளே திரும்பும். எனக்கு இந்த விளையாட்டிலேயே பிடித்த கணம் அது.

மதியத்துக்குள் எல்லோரும் ஓடிய பாதை கண்ணாடியாகப் பளபளக்கும். அதை விட்டு விலகி, சொரசொரப்பாக வெளுத்திருக்கும் பனியில் சக்கரத்தை வையுங்கள். பிடி அங்கேதான் கிடைக்கும்.